அண்ணா கண்டுபிடிக்கட்டும்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகப் பதில் எழுதி வந்தவருக்கு அங்கே வைத்த பெயர் கடுதாசி. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விருதாக எடுத்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுதிக் கேட்டால், வரும் என்றும் சொல்லாமல் வராது என்றும் சொல்லாமல் முக்கால் பக்கத்துக்குப் பதில் எழுதுவது லேசுப்பட்ட காரியமா?

பிரிவுத் தலைவர் பதவிக்குக் கல்லூரியில் கட்டுரைப் பாடம் ஒன்று தேறியிருக்க வேண்டும் என்று புது விதி வந்தபோது மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கடுதாசிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"எனக்குப் போய் கட்டுரை சொல்லிக்குடுக்கப் போறாங்களாம்," என்றார் மனைவியிடம்.

"போயிட்டு வாங்க. சனிக்கிழமையாவது வீடு அமைதியா இருக்கும்," என்றாள் அவள்.

வேலை பார்ப்பவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு அது. மொத்தம் பதினாறு வாரம். சொல்லிக்கொடுத்த பேராசிரியை குரலை உயர்த்தாதவர், யாரையும் குறை சொல்லாதவர். ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் போடுவார். 'அப்படியா?' 'யார்?' 'இது யார் பேசுவது?' கடுதாசி முதல் கேள்வியைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். மூன்றாவதற்கு, 'கீழே கையொப்பமிட்டுள்ள நான்' என்று அடியில் பதிலும் எழுதி அனுப்பினார்.

முதல் நாளே பேராசிரியை விதிகளைச் சொல்லிவிட்டார். முதல் கட்டுரை, உங்களுக்குத் தெரிந்த ஒரு கதவைப் பற்றி. கடைசிக் கட்டுரையும் அதே கதவுதான். நடுவில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாறாவது வாரம் முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதுகிறவராக நாம் எப்படி வளர்ந்தோம் என்று ஒரு வளர்ச்சிக் கட்டுரை. அதற்கு மட்டும் நாற்பது மதிப்பெண். ஒவ்வொருவருக்கும் ஓர் இணை வாசகர் உண்டு. அவர் எல்லாப் படிகளையும் படித்து, 'இவருடைய எழுத்தில் வளர்ச்சியைக் கண்டேன்' என்ற சான்றில் கடைசியில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லையென்றால் அந்த நாற்பது இல்லை.

கடுதாசிக்கு இணையாக வந்தவர் ஒரு பேக்கரியில் கேக்குகளுக்குக் கிரீம் பூசிப் பூ வைத்துப் பெயர் எழுதுகிறவர். வகுப்பில் எல்லாரும் கேக்கம்மா என்றார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கடுதாசியைவிட இரண்டு வயது குறைவு. பதினேழு வயதில் நின்றுபோன படிப்பைத் தொடர ஆசைப்பட்டு வந்திருந்தார். பட்டப்படிப்பில் இடம் வேண்டுமானால் இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வேண்டும். முதல் வாரமே கடுதாசியை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கூடப்பிறந்த தங்கை இல்லாத கடுதாசிக்கு அது நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

கேக்கம்மாவின் முதல் கட்டுரை ஆறு வரி. 'எங்கள் பேக்கரியில் ஒரு கதவு உள்ளது. அது பெரியது. வெள்ளை நிறம். திறந்தால் உள்ளே போகலாம். மூடினால் போக முடியாது. எனக்குக் கதவு பிடிக்கும்.'

கடுதாசிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஐயோ பாவம், இந்தக் கையைப் பிடித்து நாம்தான் கரையேற்ற வேண்டும். தன்னுடைய கட்டுரையைப் பெருந்தன்மையோடு எடுத்து நீட்டினார். 'எமது அலுவலகத்தின் பிரதான கதவானது மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் கொண்டதாகும். மேற்படி கதவானது தேக்கினால் செய்யப்பட்டதாகும்' என்று தொடங்கி ஐந்து பக்கம். கேக்கம்மா ஒரு வரி விடாமல் படித்தார்.

"சூப்பர் அண்ணா. எப்படி இவ்வளவு எழுதறீங்க?"

"பழக்கம்தாம்மா. வந்துடும். நீங்களும் எழுதலாம்."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இருவரும் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்தார்கள். கடுதாசி கேள்வி கேட்பார். "கதவு எந்த ரூமுக்கும்மா?" குளிர் அறைக்கு என்பார் கேக்கம்மா. "அடடே, அதை எழுதலையே! உள்ள எப்படி இருக்கும்?" ஜில்லுனு இருக்கும். "ஜில்லுனு இருந்தா உங்களுக்கு என்ன ஆகும்?" கேக்கம்மா யோசிப்பார். அடுத்த வாரம் விரல் நுனி மரத்துப்போவது கட்டுரையில் வந்திருக்கும். ஒன்பதாவது வாரம், "உள்ள மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வருவீங்க?" என்று கேட்டபோது கேக்கம்மா கையைத் தட்டியே விட்டார்.

"அண்ணா! எங்கிருந்துதான் தோணுதோ உங்களுக்கு! முன்னாடி உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. இடுக்குல ஒரு கட்டைய வெச்சுட்டுத்தான் உள்ள போவோம்."

"அதான் கட்டுரை! அந்தக் கட்டைதாம்மா கட்டுரை!"

அன்று முழுக்க கடுதாசி தரையில் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சரி, அந்தம்மா நல்லா எழுதுது. நீங்க?"

"என்னோடத அது சூப்பர்னு சொல்லிடுச்சு. பதினாறு வாரமும் சொல்லும்."

"நீங்க எழுதினதப் படிச்சா எனக்குத் தண்ணி வரி கட்டணும்னு தோணுது. அந்தம்மா மரியாதைக்குச் சொல்லுதுங்க."

பொறாமை, என்று முடிவு செய்துகொண்டார் கடுதாசி.

வளர்ச்சிக் கட்டுரையை அவர் ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதில் முக்கால்வாசி கேக்கம்மாதான். இன்னொருவரை எழுத வைத்ததில் தானும் வளர்ந்ததாக ஒரு கருத்தை நாலு விதமாகச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் எழுதிய ஒன்றைத் தானே இரண்டு முறை படித்து மகிழ்ந்தார்.

கடைசி சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கேக்கம்மாவின் போன் வந்தது.

"அண்ணா, மூணு அடுக்கு கேக்கு, கல்யாண மண்டபத்துல நானே நின்னு அடுக்கணும். ஒரு அடுக்கு சாஞ்சாலும் எல்லாம் போச்சு. என் கட்டுரை ஃபைல் பேக்கரில மேஜை மேல இருக்கு. எடுத்துட்டு வந்துடறீங்களா? நான் நேரா காலேஜ் வந்துடறேன். பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணுமே."

"இதெல்லாம் கேக்கணுமாம்மா?"

பேக்கரி முதலாளியம்மா ஃபைலோடு அதன் கீழே கிடந்த நீளமான நோட்டு ஒன்றையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார். கடுதாசி இருபத்திரண்டு வருஷ வழக்கப்படி எந்த ஃபைலையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கமாட்டார். ஒரு தாள் குறைந்தால் அப்புறம் யார் பதில் சொல்வது? பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஃபைலில் இருந்த தாள்களை எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு, கட்டுரை ஏதாவது நோட்டில் தங்கிவிட்டதா என்று அதையும் திறந்தார்.

தங்கித்தான் இருந்தது. முதல் பக்கத்திலேயே.

'எங்கள் குளிர் அறைக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லாத காலம் ஒன்று இருந்தது. இடுக்கில் ஒரு கட்டையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்தக் கட்டையை எடுத்துவிடும் அளவுக்கு இன்று யாருக்கு என்மேல் கோபம் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டே காலை எடுத்து வைப்பேன். கோபம் அதிகமான நாட்களில் வெண்ணெயை வேறு யாரையாவது எடுத்துவரச் சொல்வேன்.'

கடைசிக் கட்டுரையின் வரிகள். எழுத்துக்கு எழுத்து அதேதான். கடுதாசிக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பக்கத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தார். வகுப்பு தொடங்கிய நாள். கதவு என்று தலைப்புக் கொடுத்த அதே நாள்.

பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது பக்கத்திலும் அதே கட்டுரை, ஆனால் கோபம் இல்லை. மூன்றாவதில் கட்டை இல்லை. நான்காவதில் விரல் மரத்துப்போகவில்லை. பக்கம் பக்கமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போய், எட்டாவது பக்கத்தில் 'எனக்குக் கதவு பிடிக்கும்' என்று முடிகிற அந்த ஆறு வரி மட்டும் மிஞ்சியிருந்தது. ஓரத்தில் பென்சில் குறிப்புகள். 'விரல், 4ம் வாரம்.' 'கட்டை, 9ம் வாரம் வரட்டும். அண்ணா கண்டுபிடிக்கட்டும்.'

பஸ் எங்கே போகிறது என்று கொஞ்ச நேரம் கடுதாசிக்குத் தெரியவில்லை. ஒளித்துவைத்த பொம்மையைக் கண்டுபிடித்துவிட்டுக் குதிக்கிற பிள்ளையைப் பெரியவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? கேன்டீனில் கேக்கம்மா அவரை அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். கையைத் தட்டியதுகூட நினைவுக்கு வந்தது.

இதோடு நோட்டை மூடியிருந்தால் பாதி உயிராவது மிஞ்சியிருக்கும். கடுதாசி மூடவில்லை. பின்பக்கங்களில் வாராவாரம் கடைக்கான பட்டியல்கள். அதில் ஒன்று:

'சனி. வெண்ணெய் சொல்லணும். ரிப்பன் சிவப்பு. அக்காவுக்கு மாத்திரை. அண்ணா கட்டுரைய நல்லா இருக்குன்னு சொல்லணும்.'

ரிப்பனுக்கும் மாத்திரைக்கும் அப்புறம் நான், என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

கல்லூரியின் மாடிப்படி வளைவில் அவர் உட்கார்ந்திருந்தபோது பதினொன்றே காலுக்குக் கேக்கம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முழங்கையில் வெள்ளையாகக் கிரீம் ஒட்டியிருந்தது.

"கேக்கு சாயலண்ணா! மூணு அடுக்கும் நிக்குது! ஃபைல்..."

மடியில் கிடந்த நோட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவரும் படியிலேயே, இரண்டு படி கீழே உட்கார்ந்துவிட்டார்.

"படிச்சுட்டீங்களா?"

"தாள் சரியா இருக்கான்னு பாத்தேன். ரொம்பச் சரியா இருக்கு."

"அண்ணா, எங்க அக்கா ரெண்டு வருஷம் முன்னாடி இதே வகுப்புல சேந்தா. மொத நாளே அருமையா எழுதினா. கடைசியிலயும் அருமையா எழுதினா. வளர்ச்சி தெரியலன்னு நாப்பதுக்கு ஒம்போது போட்டாங்க. அவதான் சொன்னா, மொதல்ல மோசமா எழுதுடீ, மேல ஏற இடம் வெச்சுக்கோன்னு."

"நல்ல யோசனை. ஏணி வேணும்ல. அதுக்குத்தான் நான்."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா."

"எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத்தான் நல்லா எழுத வருதே. அதுல என்னோடது ஏதாவது ஒரு வரி இருக்கா?"

கேக்கம்மா பொய் சொல்லியிருக்கலாம். கடுதாசி அதற்காகத்தான் காத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அன்று பார்த்து அவருக்கு உண்மை பேசத் தோன்றிவிட்டது.

"ஒரு வரிய எடுக்கச் சொன்னீங்க. எடுத்தேன். வீட்டுக்குப் போயி திரும்பப் போட்டுட்டேன்."

படியில் ஏறி வந்த, அதே வகுப்பில் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக், "என்ன, ரெண்டு பேரும் கடைசி நிமிஷப் பூஜையா?" என்று கேட்டுவிட்டு, முகங்களைப் பார்த்ததும் வேகமாக மேலே போனார்.

கடுதாசி நோட்டை மூடி ஃபைலின் மேல் வைத்தார்.

"உங்க மார்க்குக்கு நீங்க நடிச்சீங்க. சரி, போகட்டும். வயிறு எரியுது, ஆனா புரியுது. என் கட்டுரைய ஏம்மா நல்லா இருக்குன்னு சொன்னீங்க? வீட்டுல அவ சொன்னப்போ அவ மேல கோபப்பட்டேன். உங்களத்தான் நம்பினேன். உங்களுக்கு நல்லா இல்லன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"எப்ப?"

"மொத பக்கத்துலயே."

"எங்க தப்புன்னும் தெரியும்?"

கேக்கம்மா தலையசைத்தார். கடுதாசி பையிலிருந்து தன் கடைசிக் கட்டுரையையும் ஒரு பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"இப்பச் சொல்லுங்க. அரை மணி நேரம் இருக்கு."

கேக்கம்மா வாங்கத் தயங்கினார். அப்புறம் வாங்கினார். வாங்கியபின் தயங்கவில்லை. 'மேற்படி கதவானது' போயிற்று. அளவு, மரம், தாழ்ப்பாள், திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் போயின. முதல் பக்கம் முழுக்க ஒரே குறுக்குக்கோடு. கேக்கில் வழிந்த கிரீமை வழிக்கிற கை அது. மூன்று பக்கத்தைச் சாய்த்துவிட்டு நான்காவதில் நின்றது. ஒரு வரியைச் சுற்றி வட்டம்.

'செவ்வாய்க்கிழமைகளில் மனுவோடு வரும் பெரியவர் ஒருவரின் நிமித்தம் யான் மேற்படி கதவின் பின்புறம் நிற்க நேர்ந்ததும் உண்டு.'

"இது மட்டும்தான் நீங்க," என்றார் கேக்கம்மா. "ஏன் ஒளிஞ்சீங்க?"

"அவர் வீட்டுக் குழாய்க்கு ஒண்ணும் பண்ண முடியாது. பைப்பே மாத்தணும். அதச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"அவர் போற வரைக்கும். சில நாள் இருவது நிமிஷம். கதவிடுக்குல அவர் செருப்பு தெரியும்."

இந்தச் செருப்பைப் பற்றிக் கடுதாசி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த வரி மூணாவது வாரத்துலயே வந்துடுச்சுண்ணா. அப்பவே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

கேக்கம்மா பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொன்னா, எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பீங்களே."

பதிமூன்று சனிக்கிழமை. தன் ஆறு வரி நாடகம் கலையக்கூடாது என்பதற்காகக் கேக்கம்மா அவருடைய ஒரே வரியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறார். அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே.

கடுதாசி தன் ஏழு பக்க வளர்ச்சிக் கட்டுரையை நாலாக மடித்துப் பையின் அடியில் திணித்தார். அதற்குப் பதிலாகப் புதுத்தாள் ஒன்றை முழங்காலில் வைத்து எழுதினார்.

'செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வருவார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். இடுக்கு வழியாக அவருடைய செருப்பு தெரியும். இடது செருப்பில் வார் அறுந்து கம்பி கட்டியிருக்கும். அந்தச் செருப்பு திரும்பும்வரை நான் மூச்சை மெல்ல விடுவேன். பிறகு மேஜைக்குப் போய் அவருக்கு முக்கால் பக்கம் பதில் எழுதுவேன். என் முதல் கட்டுரையில் இது இல்லை. இன்று காலைவரை எந்தக் கட்டுரையிலும் இந்தச் செருப்பு இல்லை.'

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. படித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மிச்சம் சான்றுத் தாள்கள். கேக்கம்மா தன்னுடையதை அவரிடம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு கையெழுத்துதாண்ணா. அது இல்லன்னா எனக்கு அந்த இடம் கிடைக்காது. இன்னொரு வருஷம் பேக்கரில லீவு கேக்க முடியாது."

இருபத்திரண்டு வருஷத்தில் கடுதாசி எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நடக்காது என்று தெரிந்ததற்கெல்லாம் ஆவன செய்யப்படும் என்று போட்டிருக்கிறார். கையும் பேனாவும் பழக்கதோஷத்தில் அந்தக் கோட்டுக்குப் போய்விட்டன. போன இடத்தில் நின்றன.

அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினார். 'இவருக்கு முதல் நாளே நன்றாக எழுத வரும். வளர்ச்சி எதையும் நான் பார்க்கவில்லை.' கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கேக்கம்மா படித்தார்.

"இதக் கொண்டுபோய்க் குடுத்தா முடிஞ்சுது."

"குடுக்கறதும் கிழிக்கறதும் உங்க இஷ்டம். இன்னொரு தாள் கேட்டா வேற யாராவது கையெழுத்துப் போடுவாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என் பேர்ல பொய் வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, தன்னுடைய சான்றை எடுத்தார். அதில் கேக்கம்மா போன வாரமே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். "இதுலயும் உண்மைய எழுதிடுங்க."

"அண்ணா, உங்க பிரமோஷன்?"

"எழுதுங்கம்மா."

கேக்கம்மா தன் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை அடித்தார். கேக்கில் பெயர் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில் எழுதினார். 'இன்று காலை வரை இவர் எழுத்து மாறவில்லை. மாறாமல் நான் பார்த்துக்கொண்டேன்.'

கடுதாசி அதை இரண்டு தரம் படித்தார். பதினாறு வாரத்தில் தன்னைப் பற்றிக் கேக்கம்மா எழுதிய முதல் உண்மை. அதிலும் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேக்கம்மா எழுந்து முன்னால் நடந்தார். பேராசிரியையின் அறை வாசலில் ஒரு கணம் நின்று தாளைத் திரும்பப் பார்த்தார். கிழித்துவிடுவார் என்றுதான் கடுதாசி நினைத்தார். கிழிக்கவில்லை. உள்ளே போய் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார். கடுதாசியும் போய் வைத்தார். பேராசிரியை மேல் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து ஏதோ கேட்க வாயெடுத்தார். கடுதாசி கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. கேக்கம்மா கூரையின் இந்தக் கோடியில் நின்றார். கடுதாசி அந்தக் கோடியில் வெயிலிலேயே நின்றார். நடுவில் ஐந்தாறு பேர். பஸ் வந்ததும் கேக்கம்மா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"அண்ணா, பஸ்ஸு."

"நீங்க போங்க."

"நம்ம ரெண்டு பேருக்கும் இதே பஸ்தானே?"

"அடுத்ததுல வர்றேன்."

கேக்கம்மா இன்னும் ஏதோ சொல்ல நின்றார். கண்டக்டர் கத்தியதும் ஏறிக்கொண்டார். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பது கடுதாசிக்கு நன்றாகத் தெரியும். பஸ் கிளம்பிய பக்கம் திரும்பக்கூடாது என்றுதான் இருந்தார். விடியற்காலையிலிருந்து மண்டபத்தில் நின்ற கால் ஆயிற்றே, கேக்கம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். கிடைத்திருந்தது.